கேள்வி – பதில்: ரெடிஸ் ஃபில்டரில் சேர்க்கும்போது

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தரவை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸான ரெடிஸின் ப்ளூம் ஃபில்டர், குக்கூ ஃபில்டர் பற்றியவை. ‘இந்த முகவரி ஏற்கெனவே வந்ததா?’ என்று கேட்டால் ‘நிச்சயமாக இல்லை’ அல்லது ‘அநேகமாக இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும் அமைப்புகள் இவை. ப்ளூம் ஃபில்டர் முகவரியை வைத்துக்கொள்வதில்லை. அதன் ஹாஷ் (முகவரியிலிருந்து கணக்கிடும் எண்) காட்டும் இடங்களில் பிட்டை 1 ஆக்கிவிட்டு மறந்துவிடும். கமாண்டுகளின் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம்: பிஎஃப் என்று தொடங்குபவை ப்ளூமுக்கு, சிஎஃப் என்று தொடங்குபவை குக்கூவுக்கு. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஃபில்டரை முன்கூட்டி உருவாக்காமல் நேரடியாக பிஎஃப்.ஆட் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் 10 லட்சம் மின்னஞ்சல் முகவரிகளை ஏற்றிய பிறகு பார்த்தால், புத்தகக் கணக்குப்படி 1.2 எம்பி ஆக வேண்டியது அதைப்போல் பல மடங்கு ஆகியிருக்கிறது. தேடலும் மெதுவாகிவிட்டது. என்ன கோளாறு?
— வாசகர், திருச்சி

ப: பிழை வராததுதான் இங்கே வினை. கீ (ஃபில்டருக்கு வைக்கும் பெயர்) இல்லாத இடத்தில் பிஎஃப்.ஆட் கொடுத்தால், ரெடிஸ் தானாகவே ஒரு ஃபில்டரை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு அது எடுக்கும் இயல்பு அளவுகள்: கொள்ளளவு 100, பிழை விகிதம் 0.01, விரிவு 2. 100 பேருக்கான பந்தியில் 10 லட்சம் பேரை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

100 நிரம்பியதும் 200 கொள்ளளவுள்ள இரண்டாம் அடுக்கு திறக்கும். பிறகு 400, 800 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 13 அடுக்குகளின் கூட்டுக் கொள்ளளவு 8,19,100. அதுவும் போதாமல் 8,19,200 கொள்ளளவுள்ள 14ஆம் அடுக்கு திறக்கும். அதில் நீங்கள் போட்டிருப்பது சுமார் 1,80,000 தான், மீதி காலி. இதோடு போகாது. அடுக்குகள் கூடக்கூட மொத்தப் பிழை நீங்கள் கேட்ட 1 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு அடுக்கின் பிழை விகிதமும் முந்தையதில் பாதியாக வைக்கப்படும். 14ஆம் அடுக்குக்கு வரும்போது அது ஒரு கோடிக்கு 6 என்ற அளவுக்கு இறங்கியிருக்கும். அவ்வளவு துல்லியம் உங்களுக்குத் தேவையே இல்லை, ஆனாலும் உருப்படிக்கு ஏறக்குறைய 30 பிட் என்று விலை கொடுக்கிறீர்கள். மொத்தத்தையும் கூட்டினால் 5.8 எம்பி பக்கம் வரும். முதலிலேயே 10 லட்சம் என்று சொல்லியிருந்தால், விரியக்கூடிய ஃபில்டராகவே இருந்தாலும் 1.4 எம்பியில் முடிந்திருக்கும். தேடல் மெதுவானதற்கும் இதே காரணம்தான். ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன் 14 அடுக்குகளையும் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது: முதல் உருப்படிக்கு முன்பே பிஎஃப்.ரிசர்வ், கீ, 0.01, 1000000 என்ற வரிசையில் கொடுத்து ஃபில்டரை உருவாக்குங்கள். ஒரே கமாண்டில் முடிக்க விரும்பினால் பிஎஃப்.இன்சர்ட் இருக்கிறது. கெப்பாசிட்டி, எரர் இரண்டையும் கொடுத்து, ஐட்டம்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் உருப்படிகளை அடுக்கலாம். ஆனால் கீ ஏற்கெனவே இருந்தால் அந்த கெப்பாசிட்டியையும் எரரையும் அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ‘சரியான அளவு கொடுத்தும் மாறவில்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதுள்ள ஃபில்டரைச் சுருக்கவோ திருத்தவோ வழியில்லை. உள்ளே முகவரிகள் இல்லாததால் அதிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடவும் முடியாது. மூல டேட்டாபேஸிலிருந்துதான் திரும்ப ஏற்ற வேண்டும். வேறு பெயரில் சரியான அளவோடு புது ஃபில்டர் ஒன்றை உருவாக்கி ஏற்றுங்கள். ஏற்றும் நேரத்தில் புதிதாக வரும் முகவரிகளைப் பழையது, புதியது இரண்டிலும் சேருங்கள். முடிந்ததும் ரீநேம் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். ரெடிஸ் கிளஸ்டரில் (கீகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து வைக்கும் அமைப்பு) இருப்பவர்கள் இரண்டு கீகளும் ஒரே ஸ்லாட்டில், அதாவது ஒரே பிரிவில், விழும்படி, பெயரின் பொதுப் பகுதியை நெளிவு அடைப்புக்குள் போட மறக்க வேண்டாம். இல்லையென்றால் கடைசிப் படியில் ரீநேம் மறுத்துவிடும்.

ஏற்றிய பிறகு பிஎஃப்.இன்ஃபோ கொடுத்துப் பாருங்கள். ‘நம்பர் ஆஃப் ஃபில்டர்ஸ்’ என்ற வரியில் 1 இருந்தால் நிம்மதி. 2, 3 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கொள்ளளவைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள்.

கே: பிழை விகிதம் 1 சதவீதம் வேண்டும் என்று ரிசர்வில் 1 கொடுத்தால் பிழை வருகிறது. 0.1 கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. அதுவே போதுமா?
— வாசகர், ஈரோடு

ப: போதாது. 0.1 என்றால் 10 சதவீதம். அந்த எண் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பின்னம், எனவே 1 சதவீதத்துக்கு 0.01 என்று கொடுக்க வேண்டும். உருப்படிக்குச் செலவு: 1 சதவீதத்துக்கு 9.585 பிட், 7 ஹாஷ். 0.1 சதவீதத்துக்கு 14.378 பிட், 10 ஹாஷ். 0.01 சதவீதத்துக்கு 19.170 பிட், 14 ஹாஷ். பிழையைப் பத்தில் ஒன்றாக்க 5 பிட்டுக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இங்கே கஞ்சத்தனம் பார்க்கத் தேவையில்லை.

கே: புத்தம் புதிய உருப்படியைச் சேர்க்கும்போதும் சில நேரம் பிஎஃப்.ஆட் 0 தருகிறது. சேர்ந்ததா, சேரவில்லையா? பிஎஃப்.கார்ட் காட்டும் எண்ணிக்கையும் நாங்கள் அனுப்பியதைவிடக் குறைவாக இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

ப: 1 வந்தால் அந்த உருப்படி இதுவரை நிச்சயமாக இல்லை, இப்போது சேர்ந்துவிட்டது. 0 வந்தால் அது காட்டும் பிட்டுகள் எல்லாம் ஏற்கெனவே 1 ஆகத்தான் இருந்தன. உண்மையிலேயே முன்பு வந்திருக்கலாம், அல்லது வேறு உருப்படிகள் போட்டுவைத்த பிட்டுகள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். இரண்டையும் ஃபில்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் அடுத்த முறை பிஎஃப்.எக்சிஸ்ட்ஸ் கேட்டால் ‘இருக்கிறது’ என்றே வரும், எதுவும் தொலைந்துபோகவில்லை. கார்ட் எண்ணுவது குறைந்தது ஒரு பிட்டையாவது புதிதாக 1 ஆக்கிய உருப்படிகளை மட்டும்தான். அதனால்தான் அந்த எண் கொஞ்சம் குறைகிறது. நீங்கள் கேட்ட 1 சதவீதம் என்பது ஃபில்டர் நிறைந்த நிலையில் வரும் பிழை. பாதி நிரம்பியிருக்கும்போது அதைவிட வெகு குறைவாகவே இருக்கும்.

இந்த விடையைப் பயன்படுத்தும் விதத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதலில் எக்சிஸ்ட்ஸ் கேட்டு, ‘இல்லை’ என்றால் ஆட் கொடுக்கும் நிரல்களை நிறையப் பார்க்கிறோம். இரண்டு சர்வர்கள் ஒரே முகவரியை ஒரே நொடியில் கேட்டால் இருவருக்கும் ‘இல்லை’ என்று வரும், இருவரும் வேலையைச் செய்துவிடுவார்கள். எக்சிஸ்ட்ஸை விட்டுவிட்டு ஆட் மட்டும் கொடுங்கள். ரெடிஸ் கமாண்டுகளை ஒவ்வொன்றாகத்தான் நிறைவேற்றும் என்பதால் இருவரில் ஒருவருக்கு மட்டுமே 1 கிடைக்கும்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஆட் சர்வரைச் சென்றடைந்து நிறைவேறிவிட்டது, விடை திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். உங்கள் கிளையன்ட் லைப்ரரி தானாக மறுமுயற்சி செய்யும், இம்முறை 0 வரும். நிரலோ ‘ஏற்கெனவே வந்ததுதான்’ என்று அந்தப் புதிய உருப்படியைத் தூக்கிப் போட்டுவிடும். இணையப் பக்கங்களைத் திரட்டும் நிரலில் ஒரு பக்கம் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. பணப் பரிமாற்ற எண்ணில் இப்படி நடந்தால் வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். அப்படிப்பட்ட இடங்களில் 0 வந்தவுடன் மூல டேட்டாபேஸில் ஒருமுறை சரிபார்த்த பிறகே நிராகரியுங்கள். பெரும்பாலான கேள்விகள் 1லேயே முடிந்துவிடும் என்பதால் டேட்டாபேஸுக்குப் பெரிய சுமை இராது.

கே: பயனர் கணக்கை முதலில் டேட்டாபேஸில் எழுதிவிட்டு, பிறகு ஃபில்டரில் சேர்க்கிறோம். உள்நுழையும்போது ஃபில்டர் ‘இல்லை’ என்றால் டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை. அபூர்வமாகச் சிலருக்குக் கணக்கு இருந்தும் ‘அப்படி ஒரு கணக்கே இல்லை’ என்று வருகிறது. ப்ளூம் ஃபில்டர் ‘இல்லை’ என்று பொய் சொல்லாது என்பார்களே?
— வாசகர், கொழும்பு

ப: ஃபில்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் அந்தப் பெயரை யாரும் சொல்லவே இல்லை. டேட்டாபேஸில் எழுதியதற்கும் பிஎஃப்.ஆட் போவதற்கும் நடுவில் நிரல் விழுந்திருக்கும், அல்லது ரெடிஸ் அந்த நேரம் எட்டாமல் இருந்திருக்கும்.

வரிசையைத் திருப்புங்கள். முதலில் ஃபில்டரில் சேர்த்து, வெற்றி என்று விடை வந்த பிறகு டேட்டாபேஸில் எழுதுங்கள். நடுவில் விழுந்தால் ஃபில்டரில் ஓர் ஆளில்லாப் பெயர் மிஞ்சும், அவ்வளவுதான். அதைத் தேடும்போது டேட்டாபேஸை ஒருமுறை வீணாகத் தட்டுவோம். அந்த நஷ்டம் தாங்கக்கூடியது, இப்போது நீங்கள் படுவது தாங்கக்கூடியதல்ல.

ஆனால் இதை எல்லா வேலைக்கும் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வந்த செய்தியையே இரண்டாம் முறை கையாளாமல் தடுக்க ஃபில்டர் வைத்திருந்தால் கதை தலைகீழ். முதலில் சேர்த்துவிட்டு வேலையை முடிக்கும் முன் நிரல் விழுந்தால், மறுபடி வரும் செய்தியை ‘பழசு’ என்று தள்ளிவிடும். அங்கே வேலையை முடித்த பிறகு சேருங்கள். அப்போது ஒரே செய்தி இரண்டு முறை கையாளப்பட வாய்ப்புண்டு என்பதால், இரண்டு முறை செய்தாலும் கெடாதபடி வேலையை எழுதியிருக்க வேண்டும்.

வரிசை சரியாக இருந்தும் இழப்பு வரக்கூடிய இன்னொரு இடம் ஃபெயில்ஓவர், அதாவது முதன்மை சர்வர் விழுந்து அதன் நகலான ரெப்ளிகா பொறுப்பேற்கும் நேரம். ரெடிஸில் முதன்மை சர்வர் ரெப்ளிகாவின் ஒப்புதலுக்குக் காத்திராமல் விடை தந்துவிடும். அந்தக் கணத்தில் முதன்மை விழுந்தால் கடைசியாகச் சேர்த்த சில உருப்படிகள் ரெப்ளிகாவில் இருக்காது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஏஓஎஃப் கோப்பை நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதும் அமைப்பிலும் கடைசி ஒரு நொடி போகலாம். அதனால் டேட்டாபேஸில் கடைசி ஒரு நாளில் உருவான கணக்குகளை எடுத்துத் தினமும் ஒருமுறை, பல உருப்படிகளை ஒரே தடவையில் சேர்க்கும் பிஎஃப்.எம்ஆட் மூலம் மறுபடி சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சேர்ப்பதால் ஃபில்டரில் ஒரு பிட்கூட மாறாது, எண்ணிக்கையும் கூடாது. மலிவான காப்பீடு இது.

கே: ஒரு கோடி உருப்படிகளை ஏற்ற வேண்டும். பிஎஃப்.எம்ஆடில் ஒரே தடவையில் எவ்வளவு கொடுக்கலாம்?
— வாசகர், சென்னை

ப: 500 முதல் 1,000 வரை கொடுங்கள். ஒவ்வொன்றாக ஆட் கொடுத்தால் நேரமெல்லாம் நெட்வொர்க் போய்வரவே சரியாகிவிடும். அதற்காக ஒரே எம்ஆடில் 10 லட்சத்தைத் திணித்தால், அது முடியும்வரை அந்த சர்வரில் வேறு எந்த கமாண்டும் நகராது. 1,000 வீதம் பிரித்து, பத்துப் பத்தாகப் பைப்லைனில் (ஒவ்வொன்றின் விடைக்கும் காத்திராமல்) அனுப்புவது நடுவழி. விடை ஒரு பட்டியலாக வரும், உருப்படிக்கு ஒரு 1 அல்லது 0. விரிவடையாத ஃபில்டராக இருந்து நடுவில் நிரம்பிவிட்டால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே பிழைச் செய்தி உட்கார்ந்திருக்கும். கமாண்ட் வெற்றி என்று மட்டும் பார்த்துக் கடந்துவிட்டால் பின்பாதி சேராமலேயே போயிருக்கும். ஒவ்வோர் இடத்தையும் பாருங்கள்.

கீ எழுத்துப்பிழையால் வேறு பெயரில் 100 கொள்ளளவு ஃபில்டர் முளைத்துவிடாமல் தடுக்க, ஏற்றும் ஸ்கிரிப்டில் எம்ஆடுக்குப் பதில் பிஎஃப்.இன்சர்ட்டை நோகிரியேட் என்ற சொல்லோடு பயன்படுத்துங்கள். கீ இல்லையென்றால் உருவாக்காமல் பிழை தரும். நோகிரியேட் கொடுத்தால் கெப்பாசிட்டி, எரர் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கே: தமிழில் பயனர் பெயர் வைக்க அனுமதிக்கிறோம். பார்வைக்கு ஒரே பெயர், ஆனால் ஒரு ஃபோனிலிருந்து வந்தால் ஃபில்டர் ‘இருக்கிறது’ என்கிறது, இன்னொன்றிலிருந்து வந்தால் ‘இல்லை’ என்கிறது.
— வாசகர், மதுரை

ப: ஃபில்டருக்கு எழுத்து தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். ‘கொடி’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 0பிசிஏ என்ற ஒற்றைக் குறியாக எழுதினால் யூடிஎஃப்-8இல் 3 பைட். கொம்பைத் தனியாக, காலைத் தனியாக, 0பிசி6, 0பிபிஇ என்று எழுதினால் 6 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷ் முற்றிலும் வேறு. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே சிக்கல் உண்டு.

சேர்க்கும்போதும் கேட்கும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்மைக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். பிரித்து எழுதியதை அது ஒற்றைக் குறியாகச் சேர்த்துவிடும். ஆனால் ஒன்றை அது சரிசெய்யாது: ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று எழுதுவோர் நிறைய. யூனிகோடைப் பொறுத்தவரை அவை வேறு வேறு சொற்கள், அதற்கு நீங்களே விதி எழுத வேண்டும். கூடவே முன்பின் இடைவெளி, வரி முடிவுக் குறி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஆகியவற்றையும் வெட்டிவிடுங்கள். கோப்பிலிருந்து ஏற்றும்போது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒட்டிக்கொண்டு வரும் வரி முடிவுக் குறியே ‘ஏற்றினேன், ஒன்றுகூட இல்லை என்கிறதே’ என்ற புலம்பலுக்கு வழக்கமான காரணம். எண்களும் சரமாகவே போகின்றன, எனவே 7 வேறு, 007 வேறு.

சீர்மை விதியை ஃபில்டர் நிரம்பிய பிறகு மாற்றினால் பழையவை எல்லாம் கிடைக்காமல் போகும். மறுபடி மூலத்திலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

கே: சேர்த்ததை நீக்கவும் வேண்டும் என்பதால் குக்கூ ஃபில்டருக்கு மாறினோம். சிஎஃப்.ஆட் கொடுத்துவருகிறோம். சில நாளில் ஃபில்டர் வீங்கிவிட்டது, சில உருப்படிகள் காணாமலும் போகின்றன.
— வாசகர், பெங்களூரு

ப: இரண்டு வெவ்வேறு தவறுகள் கலந்திருக்கின்றன.

குக்கூ ஃபில்டர் உருப்படியின் 8 பிட் கைரேகையை (ஹாஷின் சிறு துண்டு), அதற்குரிய இரண்டு பக்கெட்டுகளில் (சிறு பெட்டிகள்) ஒன்றில் வைக்கும். இடமில்லையென்றால் அங்கிருப்பதை எழுப்பி அதன் மாற்றுப் பக்கெட்டுக்கு அனுப்பும். இப்படி அதிகபட்சம் 20 முறை முயலும், அது இயல்பு அளவு. ப்ளூமைப் போலன்றி, சிஎஃப்.ஆட் ஒரே உருப்படியைத் திரும்பக் கொடுத்தால் இன்னொரு பிரதியைப் போடும். பக்கெட் அளவு இயல்பாக 2 என்பதால், ஓர் உருப்படிக்கு இரண்டு பக்கெட்டிலும் சேர்த்து 4 இடங்களே உண்டு. ஐந்தாம் பிரதி வரும்போது எத்தனை முறை இடம் மாற்றினாலும் பொருந்தாது, புது அடுக்கு ஒன்று திறக்கும். அடிக்கடி வரும் சில உருப்படிகளே ஃபில்டரை இப்படி வீங்கவைத்துவிடும். பிரதி தேவையில்லை என்றால் சிஎஃப்.ஆட்என்எக்ஸ் கொடுங்கள், அது இல்லாதபோது மட்டும் சேர்க்கும். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

காணாமல் போவதற்குக் காரணம் அநேகமாக சிஎஃப்.டெல். சேர்க்கப்படாத ஒன்றை நீக்கச் சொன்னால், அதே பக்கெட்டில் அதே கைரேகையோடு இருக்கும் வேறொருவரின் பதிவை அது எடுத்துவிடும். அவர் இனி ‘இல்லை’ ஆகிவிடுவார். ஆட்என்எக்ஸிலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. கைரேகை தற்செயலாக ஒத்துப்போய் அது 0 தந்திருந்தால் உங்கள் உருப்படி தனியாகச் சேரவே இல்லை. பிறகு அதை நீக்கினால் போவது மற்றவருடையது. ஆகவே ஆட்என்எக்ஸ் 1 தந்தவற்றை மட்டுமே பின்னாளில் நீக்க வேண்டும். எவை எவை என்ற குறிப்பை மூல டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையாக வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பிழை விகிதத்தை இங்கே நீங்கள் கேட்டு வாங்க முடியாது. பக்கெட் அளவு 1 என்றால் சுமார் 0.78 சதவீதம், 2 என்றால் சுமார் 1.6, 3 என்றால் 2.35 என்று ஏறும். அடுக்குகள் கூடினால் அதற்கேற்பப் பெருகும். அடுத்தது, கொள்ளளவு முழுவதும் நிரம்பாது. குக்கூ ஃபில்டரை அறிமுகப்படுத்திய 2014ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின்படி பக்கெட் அளவு 1இல் 50 சதவீதம், 2இல் 84, 4இல் 95 வரை நிரப்பலாம். ஆகவே 10 லட்சத்துக்கு 12.5 லட்சமாவது ரிசர்வ் செய்யுங்கள்.

நீக்குவது ‘30 நாள் ஆனதும் மறந்துவிடு’ என்ற வகை என்றால், எங்கள் கருத்தில் குக்கூவே தேவையில்லை. நாளுக்கு ஒரு ப்ளூம் ஃபில்டர் வைத்து, கீயின் பெயரில் தேதியைச் சேர்த்து, எக்ஸ்பயர் கொடுத்துவிடலாம். தனி உருப்படிக்கு ஆயுள் வைக்க முடியாது, முழுக் கீக்கு வைக்கலாம். கேட்கும்போது 30 ஃபில்டர்களைப் பார்க்க வேண்டியிருக்கும், பிழையும் கூடிப்போகும். வாரத்துக்கு ஒன்று என்றால் ஐந்தோடு, மிஞ்சினால் ஆறோடு முடியும்.

கே: விரிவடையாத ஃபில்டர் எதற்கு? நிரம்பினால் பிழை தருவதைவிட விரிவது நல்லதுதானே?
— வாசகர், யாழ்ப்பாணம்

ப: விரியவும் விடாமல் மறுக்கவும் செய்யாமல் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1 சதவீதத்துக்கு அமைத்த ஃபில்டரில் கொள்ளளவைப்போல் இரு மடங்கு போட்டால் பிழை சுமார் 16 சதவீதம் ஆகிவிடும். அதனால்தான் ரெடிஸ் மறுக்கிறது. உங்கள் எண்ணிக்கைக்கு உறுதியான மேல்வரம்பு இருந்தால், உதாரணமாக மொத்தம் 5 லட்சம் கூப்பன் எண்கள்தான் என்றால், ரிசர்வில் நான்ஸ்கேலிங் (விரிவடையாதே) என்ற சொல்லையும் கொடுங்கள். மெமரி சற்றுக் குறையும். யாராவது தப்பான தரவை ஏற்றினாலும் பிழைச் செய்தி உடனே காட்டிக்கொடுக்கும். வரம்பு தெரியாத இடத்தில் விரியவிடுங்கள்.

கே: எங்கள் சர்வரில் பிஎஃப்.ஆட் கொடுத்தால் ‘அன்னோன் கமாண்ட்’ என்று வருகிறது.
— வாசகர், சிங்கப்பூர்

ப: 2025இல் வந்த ரெடிஸ் 8இலிருந்துதான் இவை ரெடிஸோடு சேர்ந்தே வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்பென்றால் ரெடிஸ்ப்ளூம் மாட்யூலைத் தனியாக ஏற்ற வேண்டும், அல்லது அந்த மாட்யூல் சேர்ந்தே வரும் ரெடிஸ் ஸ்டாக்கை நிறுவ வேண்டும். ரெப்ளிகா சர்வர்களிலும் அதே மாட்யூல் இருக்கிறதா என்று பாருங்கள்.